செக்குபந்தி

பள்ளிப்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
ஊரார் பத்திரமெல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்தவை.
எங்கள் பத்திரம் மட்டும் கிடையாது.

நிலம் கோட்டுக்கு அந்தப் பக்கம், நகரியில்.
விரைவுச் சாலைக்கு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் போகிறது.
பணம் வேண்டுமென்றால் மூலம் காட்டு என்கிறார்கள்.
அப்பா விட்டுப்போனது ஒரே வாக்கியம்:
"எல்லாம் சித்தூர்ல இருக்கு."

சித்தூரில், புத்தூருக்குப் போகச் சொன்னார்கள்.
புத்தூரில், எல்லை பிரித்த வருஷம்
சில கட்டுகள் திருத்தணிக்கு வண்டியேறின என்றார்கள்.
திருத்தணியில், அப்போதே திருப்பி அனுப்பியாச்சே என்றார்கள்.
கோடு நகர்ந்து, நின்று, கல்லாகிவிட்டது.
காகிதம்தான் இன்னும் வழியில் இருக்கிறது.

நாலாம் மாதம் அகப்பட்டது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. பாகப் பத்திரம்.
தெலுங்கு எனக்குப் பேச வரும், பேரம் பேச வரும்,
படிக்க வராது.
எழுத்தர் மஸ்தானய்யா மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் படித்தார்:
அண்ணன் தாண்டவராயுடு, பல்டனில் இருந்து வந்தவன்.
தம்பி சஞ்சீவுடு.
அண்ணன் பாகத்துக்குச் செக்குபந்தி,
கிழக்கே ஏரி வாய்க்கால்,
மேற்கே பீரு சாயபு புன்செய்,
வடக்கே பாறைப் புறம்போக்கு,
தெற்கே...
தெற்கே கரையான் குடியிருக்கிறது, அம்மா.

அடியில் இரண்டு இடது பெருவிரல்.
தம்பியுடையது அப்பிய சாணிபோல் அகலம்.
அண்ணனுடையது சின்னது.
சுழி. சுழியின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று,
கதிர் அறுக்கும்போது அரிவாள் ஏறியிருக்கும்.

ராணுவத் தாள் பெங்களூரிலிருந்து வந்தது,
மூன்று கடிதத்துக்கும் ஒரு அழுகைக்கும் பிறகு.
அதில் அவர் பெயர் தண்டப்ராய்.
உயரம் ஐந்தடி நாலங்குலம். மார்பு முப்பத்தொன்று.
தொழில் மண்வெட்டு. மனைவி கெங்கம்மா.
பஸ்ரா.
தண்டனை ஒன்று: கோவேறு கழுதைக்கு வைத்த தண்ணீரைக் குடித்தது.
மூன்று நாள் சம்பளம் பிடித்தம்.
அதுவரை அவர் ஒரு சர்வே எண்.
அந்த வரியில் எனக்கு நாக்கு வறண்டது.

கடைசிப் பக்கம், பதினெட்டாம் வருஷம், விடுவிப்பு.
காரணம்: வெடிமருந்து.
இடது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இல்லை.

இரண்டு தாளையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
ஒருவர் ஆதார் நகல் கேட்டு நின்றார், கவனிக்கவில்லை.
பஸ்ராவில் போன விரல்
மூன்று வருஷம் கழித்து நகரியில் மை தொட்டிருக்கிறது.

"நேரில் வந்தான், அறிந்தவன்" என்று
எழுதிக் கையெழுத்திட்ட பதிவாளருக்குத்
தலைப்பாகை தெரிந்திருக்கும். கை தெரிந்திருக்காது.
அல்லது தெரிந்தே
வேறு பக்கம் பார்த்திருப்பார்.
அவன் கடலுக்கு அப்பால் இருந்த வருஷங்களில்
அந்த ஏக்கரை யார் அறுத்தது என்று
ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

இழப்பீட்டு அலுவலகத்தில், வேறு ஆதாரம் உண்டா என்றார்கள்.
இல்லை என்றேன்.
ராணுவத் தாள் பைக்குள்ளே, டிபன் டப்பாவுக்கு அடியில்.

இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள்.
சிவப்பு. மறுபடி சிவப்பு.
இருபது வருஷக் காகிதம் என் ரேகையைத் தின்றிருக்கிறது.
அழுத்துங்கள் என்றாள் அந்தப் பெண்.
அழுத்தினேன், எனக்காக மட்டும் அல்ல.
பச்சை.

பிறகு செக்குபந்தி. நான் சொல்ல, அவள் தெலுங்கில் எழுதினாள்.
கிழக்கே வாய்க்கால் இருந்த இடம்.
மேற்கே பீரு சாயபு வாரிசுகள்.
வடக்கே பாறை, பாதி உடைத்தாயிற்று.
தெற்கே?
கெங்கம்மா, என்றேன்.
யார் அது?
பக்கத்து நிலத்துக்காரி.
நிமிராமல் எழுதிக்கொண்டாள்.